படிப்பு விடுப்பும் பணியிட உரிமையும்

மும்பையின் மத்திய ரயில் பாதையில் காட்கோபருக்கும் காஞ்சூர்மார்க்குக்கும் இடையில் அமைந்துள்ளது விக்ரோலி. 1943-ஆம் ஆண்டில் பிரோஜ்ஷா கோத்ரெஜ் இங்கு பெரும் நிலப்பரப்பை வாங்கினார். அதைத் தொடர்ந்து இவ்வூர் தொழில் நகரமாக வளர்ந்தது. பூட்டும் பெட்டகமும் செய்த தொழில் குடும்பம் இங்கு அமைத்த தொழிற்சாலைகளில், பிற்காலத்தில் இந்திய விண்வெளித் திட்டத்திற்குரிய விகாஸ் எஞ்சின்களும் உருவாயின. லால் பகதூர் சாஸ்திரி சாலையின் ஓரத்தில் இருந்த ஆலைகள் பலவற்றின் இடத்தில் இன்று அலுவலக வளாகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. ஆயினும் கன்னம்வார் நகர், டாகோர் நகர், பார்க் சைட் ஆகிய பகுதிகளில் உழைத்து வாழ்வோரே மிகுதி. மராத்தியரோடு தமிழரும் பிற மாநிலத்தவரும் அவர்களுள் அடங்குவர்.

விக்ரோலியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பவாய் ஏரிக்கரையில், 1958-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. ரயிலில் தெற்கே சென்றால் மாதுங்கா வரும். 1887-இல் தோன்றிய தொழில்நுட்ப நிறுவனம் 1923-ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கி வருகிறது. தொழிற்கூடத்திற்கும் கல்விக்கூடத்திற்கும் இடையிலுள்ள தொலைவு இங்கு மிகக் குறைவு. ஆனால் ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒருவர் அத்தொலைவைக் கடப்பது எளிதன்று. அவருக்கு முதலில் தேவைப்படுவது பணமன்று, காலம். அக்காலத்தைப் பெறும் வழிக்கே படிப்பு விடுப்பு என்று பெயர்.

இருவர், ஒரே படிப்பு

கன்னம்வார் நகரில் அடுத்தடுத்த வீடுகளில் இரு இளைஞர்கள் வாழ்வதாகக் கொள்ளலாம். இருவரும் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று சான்றிதழ் பெற்றவர்கள். ஒருவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வரைவாளராகப் பணியாற்றுகிறார். மற்றவர் தனியார் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்கிறார். இருவரும் ஆறு ஆண்டுகள் பணியாற்றி முடித்துவிட்டனர். தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழ் பெற்றவர்கள் பாலிடெக்னிக்கின் மூன்றாண்டு டிப்ளமோ படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. எஞ்சிய இரண்டு ஆண்டுகளை முடித்தால் மேற்பார்வையாளர் நிலைக்கு உயரும் வாய்ப்பு இருவருக்கும் கிட்டும்.

படிப்பு ஒன்றே, தேவையும் ஒன்றே. ஆனால் சட்டம் இவ்விருவரையும் ஒரே வகையில் நோக்குவதில்லை.

அரசு ஊழியருக்குரிய விதிகள்

மத்திய அரசு ஊழியர்களின் விடுப்பு, 1972-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (விடுப்பு) விதிகளால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. இவ்விதிகளில் படிப்பு விடுப்பிற்கெனத் தனிப் பகுதி ஒன்று உள்ளது. மகாராஷ்டிர அரசின் ஊழியர்களுக்கு 1981-ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளும், ரயில்வே ஊழியர்களுக்கு அத்துறையின் விதித் தொகுப்பும் தனித்தனியே இதற்கு வழிசெய்கின்றன.

மத்திய விதிகளின்படி, தகுதிகாண் பருவத்தை நிறைவுற முடித்து, அப்பருவம் உட்பட ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத தொடர்ச்சியான பணி உடையவர் படிப்பு விடுப்புக் கோரலாம். சாதாரணமாக ஒரு தடவையில் 12 மாதங்களும், பணிக்காலம் முழுவதிலும் 24 மாதங்களும் இவ்விடுப்பு வழங்கப்படலாம். பிற விடுப்புகளோடு இதைச் சேர்த்துக்கொள்ளலாம். எனினும் பணியில் இல்லாத மொத்தக் காலம் பொதுவாக 28 மாதங்களுக்கு மேற்படலாகாது. ஆராய்ச்சிப் பட்டத்திற்குப் பயில்வோர்க்கு இவ்வரம்பு 36 மாதங்கள்.

உள்நாட்டில் பயில்வோர், விடுப்பில் செல்லுமுன் பெற்று வந்த ஊதியத்திற்குச் சமமான விடுப்புச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் வீட்டு வாடகைப்படியையும் பெறுகின்றனர். வேறு உதவித்தொகையோ பகுதிநேர வேலை வருவாயோ பெறவில்லை என்று அவர்கள் சான்றளிக்க வேண்டும். இவ்விடுப்பு அவர்களுடைய விடுப்புக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. பதவி உயர்வு, ஓய்வூதியம், பணிமூப்பு ஆகியவற்றிற்கு இக்காலமும் பணிக்காலமாகவே கொள்ளப்படுகிறது.

இச்சலுகைக்கு ஈடாக அரசு சில கட்டுப்பாடுகளை விதிக்கிறது. படிப்பு, ஊழியரின் பணியோடு நேரடித் தொடர்பு உடையதாக இருத்தல் வேண்டும். அல்லது அவருடைய அறிவை விரிவாக்கி, அரசு ஊழியர் என்ற முறையில் அவருடைய திறமையை உயர்த்தக்கூடியதாக இருத்தல் வேண்டும். திரும்பி வந்தபின் மூன்று ஆண்டுகள் பணியாற்றுவதாகப் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். படிப்பை முடிக்காமல் விட்டாலோ, முடித்தவுடன் வேலையைத் துறந்தாலோ, பெற்ற தொகையை வட்டியுடன் திருப்பிச் செலுத்த நேரும். வழக்கமான பணியோடு தொடர்பு அற்றுப்போகுமளவிற்கு அடிக்கடி இவ்விடுப்பை வழங்கலாகாது என்றும் விதி கூறுகிறது.

படிப்பு விடுப்பிற்குரிய தகுதி பெறாத தற்காலிக ஊழியரையும் விதிகள் கைவிடவில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய தற்காலிக ஊழியர், பொதுநலனுக்கு உகந்ததெனச் சான்றளிக்கப்பட்ட படிப்பிற்காக 24 மாதங்கள் வரை ஊதியமில்லாத அசாதாரண விடுப்புப் பெற இடமுண்டு. ஊதியம் இல்லையெனினும் வேலை அவருக்காகக் காத்திருக்கிறது. இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பிரச்சினையின் உயிர்நாடி இதிலேயே அடங்கியுள்ளது.

தொழிற்சாலை ஊழியரின் நிலை

அடுத்த வீட்டுக் கடைசல் தொழிலாளியின் நிலை வேறு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாட்கள் வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு 20 நாள் வேலைக்கும் ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை அடுத்த ஆண்டில் வழங்கியது. 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 240 நாட்கள் என்பதை 180 ஆகக் குறைத்தது. 20 நாளுக்கு ஒன்று என்ற கணக்கை மாற்றவில்லை.

ஆண்டில் 280 நாட்கள் உழைப்பவர் 14 நாள் விடுப்பு ஈட்டுவார். பயன்படுத்தாத விடுப்பில் 30 நாட்கள் வரை அடுத்த ஆண்டிற்குக் கொண்டு செல்லலாம். ஆகவே பல ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் சேர்த்து வைத்தாலும் அவர் கையில் இருப்பது ஏறத்தாழ 44 நாட்களே. மத்திய விதிகளில் கண்ட மாதிரி நிலையாணைகள் குறிப்பிடும் தற்செயல் விடுப்பான 10 நாட்களைச் சேர்த்தாலும் இரண்டு மாதங்களை எட்டாது. தேர்வு எழுதுவதற்கு இது போதும். இரண்டாண்டுப் படிப்பிற்குப் போதாது. படிப்பு விடுப்பு என்ற ஒன்றையே இச்சட்டங்கள் குறிப்பிடவில்லை.

அம்மாதிரி நிலையாணைகளில் மற்றொரு கூறும் கவனிக்கத்தக்கது. அனுமதிக்கப்பட்ட விடுப்பு முடிந்தபின் எட்டு நாட்களுக்குள் திரும்பி வந்து, தக்க காரணம் கூறி நிர்வாகத்திற்கு மனநிறைவளிக்காத தொழிலாளி தம் பணியிட உரிமையை இழப்பார் என்பதே அது. பணியிட உரிமை என்பது, ஒருவர் வேலையில் இல்லாத காலத்திலும் அவ்விடம் அவருடையதே என்னும் உரிமையாகும். எனவே விடுப்பின்றிக் கல்லூரிக்குச் செல்லத் துணியும் தொழிலாளியின் முன் இரு வழிகளே உள்ளன. ஒன்று, தாமாகவே வேலையிலிருந்து விலகுதல். மற்றொன்று, வேலையிலிருந்து நீக்கப்படுதல்.

விலகுவோர் இழப்பது மாதச் சம்பளத்தை மட்டுமன்று. பணிமூப்பு போகிறது. பணிக்கொடைக்குரிய தொடர்ச்சியும் அறுபடுகிறது. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவருக்குப் பணிக்கொடை வழங்க வகைசெய்தது. அனுமதி பெற்ற விடுப்பு அத்தொடர்ச்சியை முறிப்பதில்லை என்பது அச்சட்டத்தின் நிலைப்பாடு. நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் படிக்கச் சென்றால், அந்நான்கு ஆண்டுகளும் கணக்கிலிருந்து மறைகின்றன. அவரே விடுப்பில் சென்றிருந்தால் அவை நிலைத்திருக்கும். ஒரு தாளில் எழுதப்படும் சொல் விலகலா, விடுப்பா என்பதைப் பொறுத்தே இவ்வளவும் அமைகின்றன.

மும்பை கண்ட மாற்று வழிகள்

வேலையைத் துறந்து படிக்கச் செல்வதன் விலை எத்தகையது என்பதற்கு இம்மாநகரின் வரலாற்றிலேயே சான்று உண்டு. பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிவுற்றதால், டாக்டர் அம்பேத்கர் 1917-ஆம் ஆண்டில் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் தம் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர அப்பள்ளி அவருக்கு அனுமதி அளித்திருந்தது. அவர் 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து பணம் சேமித்தார். 1920-ஆம் ஆண்டில் அப்பதவியை விட்டு விலகி, சேமிப்பையும் கோலாப்பூர் மன்னரின் உதவியையும் நண்பரின் கடனையும் கொண்டு மீண்டும் லண்டன் சென்றார். 1923-இல் பொருளாதாரத்தில் உயர் ஆய்வுப் பட்டம் பெற்றார். கல்விக்கூடம் அவருக்காக இடத்தைக் காத்து வைத்தது. வேலையையோ அவர் விட்டுவிட்டே செல்ல வேண்டியதாயிற்று.

உழைத்துக்கொண்டே படிப்போரின் இடர்ப்பாட்டை அவர் மறந்துவிடவில்லை. 1946-ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் அவர் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி, பகலில் வேலை பார்ப்போருக்கு உதவும் வகையில் காலை நேரத்தில் வகுப்புகளை நடத்தியது. நகரின் இரவுப் பள்ளிகள் உழைப்பாளிகள் பலருக்குப் பள்ளியிறுதித் தேர்வு எழுதும் வாய்ப்பை அளித்தன. 1967-ஆம் ஆண்டில் வர்லியில் நாட்டின் முதல் சிரமிக் வித்யாபீடம் நிறுவப்பட்டது. தொழிலாளரின் வேலை நேரத்தையும் தேவையையும் கருதிப் பாடங்களை வகுத்தது அதன் சிறப்பு. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1989-இல் நாசிக்கில் யஷ்வந்த்ராவ் சவாண் மகாராஷ்டிரத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின.

இவை பெரும் பணி ஆற்றியுள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவையனைத்தும் வேலைக்குப் பின் எஞ்சும் நேரத்தையே நம்பி நிற்பவை. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்று, பின்னர் ரயில் நெரிசலில் பயணம் செய்து வருபவரிடம் எஞ்சும் நேரம் மிகச் சிறிது. வாரந்தோறும் ஷிப்டு மாறினால் மாலை வகுப்பிற்கு ஒழுங்காகச் செல்லவும் இயலாது. மேலும், பணிமனையும் ஆய்வகமும் இன்றிப் பொறியியல் கல்வி நிறைவு பெறாது. உரிய ஒப்புதலின்றி அஞ்சல் வழியாக வழங்கப்பட்ட பொறியியல் பட்டங்களை ஏற்க 2017-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மறுத்ததும் நினைவில் கொள்ளத்தக்கது. நேரில் சென்று பயில வேண்டிய கல்விக்கு விடுப்பைத் தவிர வேறு வழியில்லை.

உலக அரங்கில்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இப்பொருள் பற்றி ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பு பற்றிய 140-ஆவது உடன்படிக்கை என்று அது அறியப்படுகிறது. 1976-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட காலத்திற்கு, வேலை நேரத்தில், போதிய பொருளுதவியுடன் தொழிலாளிக்குக் கல்விக்காக வழங்கப்படும் விடுப்பு என்று இவ்விடுப்பை அது வரையறுக்கிறது. தொழிற்பயிற்சி, பொதுக் கல்வி, சமூகக் கல்வி, தொழிற்சங்கக் கல்வி ஆகியவற்றை அது உள்ளடக்குகிறது. விடுப்புக் காலத்தைப் பணிக்காலமாகக் கருத வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்றுக் கையெழுத்திட்ட நாடுகளுள் ஒன்றன்று. எனினும் அந்தந்த நாட்டு நிலைமைக்கேற்பப் படிப்படியாக இதை நிறைவேற்றலாம் என்ற அதன் கொள்கை, வளரும் நாடுகளின் கருத்துக்கு உரியதாகும்.

ஸ்வீடன் பின்பற்றிய முறை இங்கு நோக்கத்தக்கது. 1974-ஆம் ஆண்டின் சட்டத்தால் அந்நாட்டுத் தொழிலாளர் கல்விக்காக விடுப்புப் பெறும் உரிமையை அடைந்தனர். வேலையளிப்பவர் அவ்விடுப்பைச் சில காலம் தள்ளிவைக்கலாம். ஒரேயடியாக மறுக்க இயலாது. விடுப்புக் காலத்தில் ஊதியம் வழங்கும் கடமை அவருக்கு இல்லை. பயில்வோரின் வாழ்க்கைச் செலவுக்கு அரசின் கல்வி உதவித் திட்டம் தனியே உள்ளது. ஆனால் படிப்பு முடிந்து திரும்பும்போது பழைய வேலையோ அதற்குச் சமமான வேலையோ அவருக்குக் கிடைத்தாக வேண்டும். ஊதியம் வேறு, பணியிட உரிமை வேறு என்று பிரித்து நோக்கினால் தீர்வு எளிதாகும் என்பதை இச்சட்டம் உணர்த்துகிறது.

செய்யக் கூடியவை

நமது சட்டங்களிலும் இக்கருத்தின் வித்து ஏற்கெனவே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, பழகுநர் தம் தொழிலோடு தொடர்புடைய பாட வகுப்பில் செலவிடும் நேரம், ஊதியத்திற்குரிய வேலை நேரமாகவே கருதப்படும். கற்பதும் வேலையின் ஒரு பகுதியே என்று சட்டம் இங்கு ஏற்றுக்கொள்கிறது. பழகுநராக இருந்தபோது பெற்ற இவ்வுரிமையை, நிலையான தொழிலாளியாக உயர்ந்தபின் அவர் இழந்துவிடுகிறார்.

எல்லாத் தொழிலாளருக்கும் முழு ஊதியத்துடன் படிப்பு விடுப்பு வழங்குவது உடனடியாக இயலாததாக இருக்கலாம். ஊதியமில்லாத விடுப்பும் பணியிட உரிமைக் காப்பும் அத்தகையன அல்ல. ஐந்து ஆண்டுகள் பணியாற்றிய தொழிலாளி, அங்கீகாரம் பெற்ற படிப்பில் இடம் பெற்றதற்குச் சான்று காட்டினால், இரண்டு ஆண்டுகள் வரை ஊதியமில்லாத விடுப்பில் சென்று தம் இடத்திற்குத் திரும்பலாம் என்று விதி செய்வதற்கு நிர்வாகத்திற்கு ஆகும் செலவு சிறிதே. விடுப்பும் விடுமுறையும் தொழில் தகராறுச் சட்டங்களின் கீழ்ப் பேச்சுவார்த்தைக்கு உரிய பொருள்களாகவே உள்ளன. ஆகவே புதிய சட்டம் வரும்வரை காத்திராமல், நிர்வாகமும் தொழிற்சங்கமும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே இதற்கு இடம் காணலாம்.

நிர்வாகத்தின் தயக்கங்களும் நியாயமானவையே. பயிற்சி பெற்ற கைகள் ஒரே வேளையில் பல வெளியேறினால் உற்பத்தி தடைப்படும். படித்துத் திரும்பியவர் வேறிடம் தேடிச் செல்லவும் கூடும். இவற்றிற்குரிய விடை அரசு விதிகளிலேயே உள்ளது. ஒரு பிரிவில் ஒரு காலத்தில் இத்தனை பேருக்கு மேல் விடுப்பில்லை என்று வரம்பு அமைக்கலாம். திரும்பியபின் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற உறுதிமொழி பெறலாம். காலியாகும் இடத்தில் தற்காலிகமாக ஒருவரை அமர்த்தினால், வேலை தேடும் மற்றோர் இளைஞருக்கும் அனுபவம் கிடைக்கும். நீண்ட விடுப்பு வழங்க இயலாத சிறு நிறுவனங்கள், மாலை வகுப்பிற்குச் செல்வோருக்கு மாறாத ஷிப்டும் தேர்வு நாட்களில் விடுப்பும் அளித்தாலே பெருநன்மை விளையும்.

சிறு நிறுவனங்களின் தொழிலாளரைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. நிலையாணைகள் பற்றிய 1946-ஆம் ஆண்டுச் சட்டம், 100 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்குப் பொருந்தியது. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுகள் தொகுப்புச் சட்டம் அவ்வரம்பை 300 ஆக உயர்த்தியது. எழுதப்பட்ட பணி விதிகளின் பாதுகாப்பிற்கு வெளியே நிற்போர் தொகை இதனால் கூடும். அத்தகையோருக்கு ஒப்பந்தமும் எழுத்து மூலமான அனுமதியுமே துணையாகும்.

பயில விரும்புவோர் கவனத்திற்கு

வேலையில் இருந்துகொண்டு படிக்க எண்ணுவோர் விலகல் கடிதம் எழுதுமுன் விடுப்பிற்கு விண்ணப்பித்தல் வேண்டும். விண்ணப்பத்தில் படிப்பின் பெயர், கல்வி நிறுவனம், தொடங்கும் நாள், முடியும் நாள், பணிக்குத் திரும்பும் நாள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். வாய்மொழி அனுமதியை நம்பிச் செல்லலாகாது. ஆணை எழுத்தில் கிடைத்தபின், பணியிட உரிமையும் பணித்தொடர்ச்சியும் அதில் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் இன்றியமையாதது. பிணைப் பத்திரத்தில் எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தொகை என்பதை அறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். படிப்பு நீண்டால், விடுப்பு முடியுமுன்னரே நீட்டிப்புக் கோர வேண்டும். முடிந்தபின் கோருவது பணியிட உரிமைக்கே ஊறாகலாம்.

அனுமதி வழங்கும் இடத்தில் இருப்போரும் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். விடுப்பு விண்ணப்பத்தின்மீது காலந்தாழ்த்தி எடுக்கப்படும் முடிவு, மறுப்பிற்குச் சமமாகும். கல்லூரியில் சேர்வதற்குரிய நாள் அலுவலகக் கோப்பிற்காகக் காத்திராது. பவாய்க்கும் மாதுங்காவுக்கும் செல்லும் ரயிலும் பேருந்தும் விக்ரோலியிலிருந்து நாள்தோறும் புறப்படுகின்றன. கன்னம்வார் நகரின் வரைவாளர் விடுப்பு ஆணையுடன் கல்லூரிக்குப் புறப்படலாம். அடுத்த வீட்டுக் கடைசல் தொழிலாளியும், திரும்பி வரும் நாளில் தம் இயந்திரம் தமக்காக இருக்கும் என்ற உறுதியோடு அவருடன் புறப்படுவதற்கு வழி காண்பதே இன்றைய தேவையாகும்.